பழைய ஜீப்பா, பழைய டிக்கி காரா? வாங்கும் முன் சில குறிப்புகள்

வீட்டுக்கு நாலு சக்கர வண்டி ஒன்று வேண்டும்; புதுசு வாங்கக் கையில் காசு போதாது. இந்த நிலைமை வந்ததுமே வீட்டில் இரண்டு கட்சி பிறந்துவிடும். "அதே காசுக்குப் பழைய பொலேரோ, ஜிப்ஸி, தார் கிடைக்குமே, கெத்தாக இருக்குமே" என்பது ஒரு கட்சி. "ஏ.சி. போட்டு அலுங்காமல் போகிற டிசையர், எட்டியோஸ், சிட்டி போதும்" என்பது இன்னொன்று. இரண்டு பேச்சையும் கேட்டு, பட்டறை வாசலிலும் கன்சல்டிங் வாசலிலும் பொறுக்கிச் சேர்த்தவை இவை. என் ஓட்டு எந்தப் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

1. முதலில் ரோட்டைப் பாருங்கள், வண்டியை அப்புறம் பார்க்கலாம். ஆபீஸ், பள்ளிக்கூடம், மாமியார் ஊர், குலதெய்வம் கோயில், தோட்டம் என்று வழக்கமாகப் போகிற இடங்களைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, தார் முடிந்தபின் எவ்வளவு தூரம் மண் பாதை என்று பக்கத்திலேயே குறியுங்கள். மண் பாதை பொங்கலுக்கும் ஆடிப் படையலுக்கும் மட்டும்தான் என்றால், ஜீப் உங்களுக்கு ஆசையே தவிரத் தேவை இல்லை.

2. "மலைக்கு அடிக்கடி போவோம், அதனால் ஜீப்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும், வால்பாறையின் 40 வளைவும் தார் ரோடுதான். பிரேக்கும் கிளட்சும் நன்றாக உள்ள எந்தக் காரும் ஏறி இறங்கும். தார் முடிந்து எஸ்டேட் கல் பாதை தொடங்குகிற இடத்தில்தான் ஜீப்புக்கு வேலை. கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளை ஒரு நாள் பாருங்கள், அந்த வண்டி எதற்காக என்பது புரிந்துவிடும்.

3. மண்ணின் குணமும் முக்கியம். செம்மண் சரளைப் பாதையில் மழை விட்ட மறுநாளே கார் போகலாம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் அப்படியில்லை. நனைந்தால் டயரில் அப்பி, சக்கரத்தைச் சுற்றவே விடாது. திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணலோ காய்ந்திருக்கும்போதே சக்கரத்தை விழுங்கும். இந்த இரண்டு மண்ணிலும் நிலம் நீச்சு உள்ளவர்கள் மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தேடுங்கள்.

4. ஜீப் மாதிரித் தெரிவதெல்லாம் ஜீப் வேலை செய்யாது. ரோட்டில் ஓடுகிற பொலேரோக்களில் பெரும்பாலானவற்றில் பின் சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும். கரிசலில் மாட்டினால் கார்க்காரரைப் போலவே நீங்களும் டிராக்டருக்குப் போன் போட வேண்டியதுதான். கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறதா, அதில் 2எச், 4எச், 4எல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

5. லீவர் இருந்தால் மட்டும் போதாது, அது வேலையும் செய்ய வேண்டும். இளகிய மண் தரைக்குக் கொண்டுபோய் 4எச் போட்டு மெதுவாக நகர்த்தச் சொல்லி, வெளியே நின்று முன் சக்கரமும் மண்ணை வாரி இழுக்கிறதா என்று கவனியுங்கள். ஜிப்ஸி மாதிரி வண்டிகளில் முன் சக்கர நடுவில் கையால் திருப்பும் பூட்டு இருக்கும், அதையும் திருப்பிப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத லீவர் இறுகிப்போயிருந்தால், நாலு சக்கர இழுவைக்கான விலையைத் தாராளமாகக் கழிக்கலாம்.

6. அதே சோதனையைக் காய்ந்த தார் ரோட்டில் செய்து காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். பழைய வண்டிகளில் 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தாரில் வழியில்லாமல் உள்ளே இருக்கிற பல் சக்கரங்கள் முறுக்கேறும்.

7. அடிவயிற்று உயரத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அளக்க மாட்டார்கள். டிசையர், சிட்டி போன்ற கார்களுக்குக் கம்பெனி சொல்வது சுமார் 165 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலம். அதுவும் ஆள் ஏறாதபோது. ஐந்து பேரையும் டிக்கியில் இரண்டு பெட்டியையும் ஏற்றிவிட்டு, பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். உங்கள் தெருமுனை வேகத்தடையையும் வீட்டு வாசல் சரிவையும் அதே ஸ்கேலால் அளந்துவிட்டால் சண்டையே இல்லை.

8. பொலேரோவின் 180 மில்லிமீட்டரை 165-ஓடு ஒப்பிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். ஜீப் வகையில் அந்த அளவு பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு. மற்ற இடமெல்லாம் அதைவிட மேலே இருக்கும். காரில் வயிறு முழுக்கவே தாழ்வு, முன் பம்பரும் நீண்டு தாழ்ந்திருக்கும். அதனால் பாதையில் கல் கிடந்தால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விடாமல் ஒரு சக்கரத்தை அதன்மேல் ஏற்றிப் போகச் சொல்லுங்கள். ஜிப்ஸிக்கு 210 மில்லிமீட்டர், அது தனி ரகம்.

9. வீட்டில் முட்டிவலிக்காரர் இருந்தால் இந்தச் சோதனையை மறக்காதீர்கள்: பாட்டியையே அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஜீப்பில் ஏறுவது கஷ்டம், காரில் எழுந்திருப்பது கஷ்டம். எது பரவாயில்லை என்று அவரே சொல்லிவிடுவார். புடவை கட்டுபவர்களுக்கும் கால் வைத்து ஏற ஒரு படி இருக்கிறதா என்று பாருங்கள்.

10. "ஏழு பேர் போகலாம்" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். பொலேரோ, பழைய தார் வண்டிகளில் பின்னால் இருப்பது எதிரெதிரே பார்த்து உட்காரும் பக்கவாட்டு இருக்கை. அதில் ஆள் உட்கார்ந்தால் சாமான் வைக்க இடமில்லை, நெடுந்தூரம் போனால் வாந்தி நிச்சயம். கல்யாணத்துக்குச் சீர்வரிசை கொண்டுபோகிற வீட்டுக்குப் பூட்டு போட்ட டிக்கி எவ்வளவு நிம்மதி என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

11. பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இங்கே புதிதாக விற்கும் கார்களுக்கு 2019-இல் ஏ.பி.எஸ். பிரேக்கும் டிரைவர் பக்க ஏர்பேக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்திய வண்டி என்றால் இவை இருக்கிற மாடலாகத் தேடுங்கள். கார்களில் மேல்நிலை மாடல்களில் முன்பே கிடைத்தது, பழைய ஜீப்புகளில் அநேகமாக இருக்காது. சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் இந்த ஒரு குறிப்பே முடிவைச் சொல்லிவிடும்.

12. இப்போது பைசாக் கணக்கு. கட்டாயம் எடுக்க வேண்டிய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ், இன்ஜின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் மாதம் வந்த கட்டணப்படி 1000 முதல் 1500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1500-க்கு மேலே போனால் 7,897 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. டிசையர், எட்டியோஸ், சிட்டி எல்லாம் முதல் வரிசையில் வரும், 2523 சி.சி. பழைய பொலேரோவும் 2010 முதல் வந்த டீசல் தாரில் இரண்டரை லிட்டர்காரர்களும் இரண்டாம் வரிசை.

13. பொலேரோதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் 2016-இல் வந்த பவர் பிளஸ் மாடலைத் தேடுங்கள். அதன் இன்ஜின் 1493 சி.சி., நீளமும் நாலு மீட்டருக்குள். இன்ஷூரன்ஸும் குறையும், சந்துக்குள் நிறுத்தவும் எளிது.

14. ஜிப்ஸிப் பிரியர்களுக்கும் ஒரு நல்ல சேதி: அதன் 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் 3,416 ரூபாய் வரிசைதான். கெட்ட சேதியும் உண்டு, கம்பெனியிலிருந்து வரும்போதே ஏ.சி. கிடையாது. சித்திரை வெயிலில் ஒரு மதியம் ஓட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

15. பெட்ரோல் கணக்கை மனக்கணக்காகப் போடாமல் எழுதிப் போடுங்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓடுகிற வீட்டில் லிட்டருக்கு 10 தரும் வண்டி 80 லிட்டர் குடிக்கும். 16 தருவது 50 லிட்டரில் முடித்துக்கொள்ளும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 3,000, வருஷம் 36,000 ரூபாய். "அந்த ஜீப்பைக் காரைவிட ஐம்பதாயிரம் குறைத்து வாங்கினேன்" என்ற சந்தோஷம் இரண்டாம் தீபாவளிக்குள் கரைந்துவிடும்.

16. விற்பவர் சொல்லும் மைலேஜை நம்பாதீர்கள், ஓட்டிப் பார்க்கும்போது பம்பில் வாய் வரை நிரப்பி, ஓட்டிவிட்டு அதே பம்பில் மறுபடி வாய் வரை நிரப்புங்கள். போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் உண்மை வந்துவிடும். அந்த எண்ணெய் செலவை நீங்களே கொடுத்துவிட்டால் விற்பவரும் முகம் சுளிக்க மாட்டார்.

17. டயர் விலையையும் கேட்டுவிட்டு வாருங்கள். டிசையரின் கீழ்நிலை மாடல்களுக்கு 165/80 ஆர்14, பொலேரோவுக்கு 215/75 ஆர்15. அகலம் கூடினால் விலையும் கூடும், மாற்ற வேண்டியதோ ஸ்டெப்னியோடு ஐந்து.

18. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பூ தேயாமல் பளபளவென்று இருந்தாலும் ஏழெட்டு வருஷம் ஆன ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஜீப்பை எப்போதாவது எடுக்கிற வீடுகளில் இந்தக் கதை அதிகம்.

19. வயசுக் கணக்கு: சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் இதற்கு மேலே. 13, 14 வயசு வண்டிக்கு விலை பேசும்போது இந்தச் செலவு மொத்தத்தையும் சொல்லியே குறையுங்கள்.

20. பி.எஸ்.6 டீசல் வண்டி (2020 ஏப்ரலுக்குப் பிந்தியது) கிடைத்தால் உங்கள் ஓட்டம் எப்படி என்று யோசியுங்கள். அதில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கும். நீண்ட தூரம் வேகமாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். காய்கறி மார்க்கெட்டுக்கும் டியூஷனுக்கும் மட்டும் போய்வருகிற வீட்டுக்குப் பெட்ரோல் காரே சுகம்.

21. பழைய பெட்ரோல் வண்டிக்காரர்கள் எரிபொருள் ரப்பர் குழாய்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இப்போது பம்புகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. அதற்கு முந்திய காலத்து ரப்பர் நாளாவட்டத்தில் வெடித்துக் கசியலாம். புதுக் குழாய் மாற்றுவது சின்னச் செலவு, நெருப்பு சமாச்சாரம் பெரிசு.

22. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியது. புது டிசையர் விலையே குறைந்திருக்கும்போது, அதற்கு முந்திய விலையை மனசில் வைத்துப் பழைய டிசையருக்குக் கேட்பவரிடம் ஷோரூம் விலைத் தாளை எடுத்துக் காட்டுங்கள். பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

23. விற்கும்போது கிடைக்கும் விலையையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். 1985-இல் வந்த ஜிப்ஸி 2019-க்குப் பிறகு பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை, அதனால் நல்ல வண்டிக்கு விலை இறங்கவே இல்லை. காரில் அந்த மாயம் நடக்காது. வருஷத்துக்கு வருஷம் இறங்கும். ஜீப் கட்சிக்கு இது ஒரு மதிப்பெண்.

24. கடன் வாங்குவதானால் வண்டி தேடும் முன்பே பாங்கில் கேளுங்கள். கடன் முடியும்போது வண்டிக்கு என்ன வயசு இருக்கும் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். 12 வருஷ ஜீப்புக்கு அநேகமாகக் கையை விரித்துவிடுவார்கள். ஐந்து வருஷக் காருக்குச் சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள்.

25. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எழுத்து தெரியாவிட்டால் மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள், பளிச்சென்று வந்துவிடும். ஜீப்பில் சேஸிஸ் சட்டத்தில் இருக்கும். மண், கிரீஸ் அப்பியிருக்கும், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

26. இன்ஜின் எண்ணையும் விடாதீர்கள், பழைய ஜீப்புகளில் வம்பே அங்கேதான். முன்னாளைய மஹிந்திரா ஜீப்புகளில் வந்த பெஜோ டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டியவை நிறைய உண்டு. அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறாவிட்டால் எஃப்.சி.யும் நடக்காது, விபத்தில் இன்ஷூரன்ஸும் கைவிரிக்கும்.

27. தடித்த டயர், முன்னால் இரும்புக் கம்பி, மேலே விளக்கு வரிசை எல்லாம் பார்க்க ஜோர். ஆனால் கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. முன்புற இரும்புக் கம்பிக்கு 2017-லேயே தடை. இந்த அலங்காரத்துக்கெல்லாம் விற்பவர் தனி விலை கேட்டால், "கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், விலையைக் குறையுங்கள்" என்று சொல்லுங்கள்.

28. வடக்கிலிருந்து வந்த மலிவு வண்டியா? டில்லியில் 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் வந்த கெடுபிடியால் அங்கிருந்து நல்ல நிலையிலேயே வண்டிகள் இறங்குகின்றன. அந்த ஊர் ஆர்.டி.ஓ. தடையில்லாச் சான்று கைக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மறுபதிவுக்கும் வாழ்நாள் வரிக்கும் ஆகும் தொகையை விலையோடு கூட்டிப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இருக்காது. புதுச்சேரி எண் வண்டிக்கும் இதே கணக்குதான்.

29. எட்டியோஸும் டிசையரும் டாக்ஸியாக ஓடித் தேய்ந்தவை ஏராளம். டி-போர்டை ஓன் போர்டாக மாற்றி விற்பார்கள். ஆர்.சி. வரலாறு கேளுங்கள். நம்பர் பிளேட் பக்கத்தில் வேறு ஓட்டைகள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்த வயர், பின் கதவுக் கைப்பிடியின் தேய்மானம் எல்லாம் காட்டிக்கொடுக்கும். டாக்ஸி என்றாலே கெட்டது என்பதில்லை, அதற்கேற்ற விலை கொடுத்தால் போதும்.

30. கிலோமீட்டர் முள்ளைத் திருப்புவது சுலபம், ரப்பரைத் திருப்ப முடியாது. 40,000 என்று காட்டும் வண்டியின் பிரேக் மிதியில் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ஸ்டியரிங் மினுமினுத்தால், டிரைவர் சீட் ஒரு பக்கம் சரிந்திருந்தால் சிரித்துக்கொண்டே கிளம்பி வந்துவிடுங்கள்.

31. "கவர்மெண்ட் ஏலத்தில் எடுத்த ஜீப்" என்றால் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவு புதுப்பிப்பது இல்லை, அவை உடைக்கப்பட வேண்டியவை. உங்கள் பெயருக்கு ஆர்.சி. வருமா என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்த பிறகே முன்பணம்.

32. வண்டி பார்க்கக் காலையில் முதல் ஆளாகப் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்றும் சொல்லி வையுங்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இன்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. வெண்புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் உள்ளே போகிறது, கேஸ்கட் வேலை காத்திருக்கிறது.

33. பக்கத்திலேயே விற்பனை என்றால் முதல் நாள் இரவு வண்டிக்கு அடியில் நாலு பழைய பேப்பரை விரித்துவிட்டு வரச் சம்மதம் கேளுங்கள். காலையில் எந்த இடத்தில் சொட்டு என்பது படமாக இருக்கும். ஜீப்பில் நடுவில் கறுப்புச் சொட்டு விழுந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சந்தேகப்படலாம். காரின் ஏ.சி. தண்ணீர் சொட்டு ஒன்றும் செய்யாது, பயப்பட வேண்டாம்.

34. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவு ஓரம், சக்கர வளைவு, டிக்கி அடி என்று இரும்பு இருக்கும் இடத்திலெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

35. சென்னையில் 2015-இலும் 2023-இலும், தூத்துக்குடி, திருநெல்வேலியில் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகள் இன்னும் கைமாறுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மேலே சுத்தமாகவும் உள்ளே சேற்றுக் கோடாகவும் இருக்கும். ஸ்டெப்னிப் பள்ளத்தையும் கால்மிதிக்கு அடியில் உள்ள கம்பளத்தையும் தூக்கி மோந்து பாருங்கள். எத்தனை வாசனைத் திரவியம் அடித்தாலும் அந்தப் பாசி வாடை போகாது. கார்களுக்கு இது பெரிய ஆபத்து, ஏனென்றால் கம்பளத்துக்கு அடியிலேயே வயரும் கம்ப்யூட்டரும்.

36. கடலோர ஊர் வண்டிக்கு அடிப்பக்கம்தான் ஜாதகம். ஜீப்பில் சேஸிஸ் சட்டத்தைச் சாவியால் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே துரு. கூடாரத் துணி போட்ட வண்டியில் தரைத் தகட்டையும் மிதித்துப் பாருங்கள்.

37. ஜீப் வகையை முன்னும் பின்னுமாக மெதுவாக நகர்த்தும்போது அடியில் "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் யூஜே கிராஸ் தேய்ந்திருக்கிறது. மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பின்னால் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் இருக்கிறதா, ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்.

38. காரில் இதற்குச் சமமான சோதனை: மேடு பள்ளமான சந்தில் ரேடியோவை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, மெதுவாகப் போங்கள். கடகட சத்தம் முன் சக்கரப் பக்கமிருந்து வந்தால் சஸ்பென்ஷன் புஷ்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி ஓட்டும்போது டக்டக் என்று வந்தால் முன் அச்சின் மூட்டு.

39. ஏ.சி.யை மதியம் பன்னிரண்டு மணிக்குச் சோதியுங்கள், காலையில் எல்லா ஏ.சி.யும் குளிரும். சிக்னலில் நிற்பதுபோல வண்டியை நிறுத்தியே ஓட விட்டுப் பாருங்கள். கம்ப்ரஸர் மாற்றும் செலவு தெரிந்தவர்கள் இந்தச் சோதனையைச் சோம்பல்பட்டு விட மாட்டார்கள்.

40. உங்கள் மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அதற்குப் பணமும் கொடுங்கள். விற்பவரிடம் கமிஷன் வாங்குகிறவரை அழைத்துப் போவதில் பயனில்லை. டீசல் ஜீப்பில் கைதேர்ந்தவர் வேறு, சென்சார் கருவி மாட்டிக் கார் பார்ப்பவர் வேறு. ஆளைப் பார்த்துக் கூப்பிடுங்கள்.

41. உதிரி பாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சீட், டேஷ்போர்டு மாதிரியானவற்றைப் பழசாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது எதையும் காயலான் சரக்காக வாங்காதீர்கள்.

42. கூடாரத் துணி கிழிந்தால் புதுசுக்கு ஓடாதீர்கள். ரெக்ஸின் சீட் தைப்பவரிடம் கொடுத்தால் பாதிச் செலவில் உள்பட்டை வைத்துத் தைத்துத் தருவார். மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், ஐப்பசியில் அவர் கையில் நேரம் இருக்காது.

43. வாங்கிய ஜீப் வீட்டில் நின்றே கிடந்தால், மாதம் ஒரு முறையாவது மண் தரையில் நாலு சக்கர லீவரைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். ஆயில் எல்லாப் பற்களுக்கும் போய்ச் சேரும், லீவரும் இறுகாது.

44. எலித் தொல்லைக்கு வண்டி வித்தியாசம் இல்லை, இரண்டிலும் வயரைக் கடிக்கும். காரில் செலவு கூடுதல். நெல் மூட்டை, கோழித் தீவனம், தவிட்டுப் பக்கத்தில் நிறுத்தாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். இரவில் பானெட்டைத் திறந்து வைப்பதும் உதவும், இருட்டும் கதகதப்பும்தான் அதற்குப் பிடிக்கும்.

45. மணலில் மாட்டினால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். டயர் காற்றை 20 அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையோ கோணிச் சாக்கோ போட்டு, இரண்டாம் கியரில் பூப்போல நகர்த்துங்கள். கார், ஜீப் இரண்டுக்கும் இது பொருந்தும். தார் ரோடு வந்ததும் காற்றடிக்கச் சின்னப் பம்ப் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.

46. தோட்டத்துக்கு வருஷத்தில் சில நாள்தான் சேற்றில் போக வேண்டும் என்றால், கார் வாங்கிக்கொண்டு அந்த நாளில் மட்டும் ஊரில் ஒரு ஜீப்பையோ டிராக்டரையோ வாடகைக்குப் பேசிவிடுங்கள். 15-ஆம் குறிப்பில் மிஞ்சுகிற 36,000 ரூபாயில் அந்த வாடகை போக நகைச்சீட்டும் கட்டலாம். தினமும் சேறு மிதிக்கிற வீட்டுக்கு மட்டும் இந்த யோசனை ஆகாது, அவர்கள் யோசிக்காமல் நல்ல 4எல் வண்டியாக எடுக்கட்டும்.

47. விற்பவரின் இன்ஷூரன்ஸ் போனஸ் அவருடையது, வண்டியுடையது இல்லை. "50 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது" என்பதற்கு விலை கொடுக்காதீர்கள். பாலிசியை உங்கள் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்றுங்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு மதிப்பைப் பேசித்தான் நிர்ணயிப்பார்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று மதிப்பை ரொம்ப இறக்கிவிடாதீர்கள்.

48. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் பாக்கி, இன்ஷூரன்ஸ், தகுதிச் சான்று எல்லாம் தெரியும். அபராத பாக்கியையும் தனியாகப் பாருங்கள். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் பாங்க் பெயர் இருந்தால், படிவம் 35-ஐயும் பாங்கின் தடையில்லாச் சான்றையும் வாங்காமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். ஃபாஸ்டேகை விற்பவரே மூடிவிட வேண்டும்.

49. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். சாவி கைமாறும்போது டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்றைக்குக் காலையில் அவர் வாங்கிய அபராதம் உங்கள் தலையில் விழாது. இரண்டாவது சாவியையும் மறக்காமல் கேளுங்கள்.